பழைய பாணும் நூற்றாண்டுப் புடிங்கும்

(நூற்றாண்டு விழாவுக்கு முந்திய பொதுக்கூட்டத்தில், சங்கத்தின் சமையற் குழுவினர் சார்பில் ஆற்றிய உரை)



எங்களுக்குப் பேசப் பதினைந்து நிமிடம் தந்திருக்கிறீர்கள். புடிங் அவிய நாற்பத்தைந்து நிமிடம் வேண்டும். ஆகவே சுருக்கமாகச் சொல்ல முயல்கிறோம்.

நூற்றாண்டு விழா மதிய விருந்துக்கு இனிப்பாகப் பாண் புடிங் வைக்கலாம் என்று சென்ற கூட்டத்தில் எங்கள் குழு எழுதிக் கொடுத்தது. அதற்கு இரண்டு மறுப்புகள் வந்தன. ஒன்று, “நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் விழா, அதற்குப் போய்ப் பழைய பாணா?” என்பது. அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தோம், நாங்களும் சிரித்தோம். மற்றது சிரித்துக்கொண்டு சொன்னது அல்ல. ஒரு மூத்த அக்கா கூட்டம் முடிந்தபின் எங்களைத் தனியே அழைத்துச் சொன்னார்: “எங்கள் அம்மா பங்களாவில் ஆயாவாக இருந்தார். மேசையில் மிஞ்சிய பாணைக் கடதாசியில் சுற்றிக் கொடுப்பார்கள். அதைத் தின்றுதான் நாங்கள் பள்ளிக்கு வந்தோம். அதே பழைய பாணை என் பள்ளியின் நூற்றாண்டில் என் முன்னால் வைக்கப் போகிறீர்களா?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் சமையற் குறிப்பை மட்டும் வாசித்துவிட்டுப் போக எங்களுக்கு மனம் வரவில்லை. அதனால் பாணின் கதையை முதலில் சொல்கிறோம். குறிப்பு பிறகு வரும்.

பாண் நமது சொல் அல்ல. போர்த்துக்கேயர் 1505இல் இந்தத் தீவுக்கு வந்தார்கள். அவர்கள் விட்டுச்சென்ற சொற்களில் பாண் ஒன்று. பாணைச் சுடும் போறணையும், அதை வைக்கும் அலுமாரியும், அலுமாரி நிற்கும் குசினியும் அவர்கள் விட்டுப்போனவைதான். தமிழ்நாட்டில் இந்தச் சொல் இல்லை. சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இந்தியா போன நமது தோழிகள் நீலகிரியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் எழுதிய கடிதங்களில், கடையில் பாண் கேட்டால் வெற்றிலைக் கடையைக் காட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். அங்கே அது பிரெட். அதுவும் அந்தக் காலத்தில் காய்ச்சல்காரருக்கு வாங்கும் பண்டம். இங்கேயும் காய்ச்சலுக்குப் பாணும் தேத்தண்ணியும்தான் மருந்து, ஆனால் காய்ச்சல் இல்லாதவர்களும் தின்போம்.

நமது பாட்டன் பாட்டி தோட்டத்துக்கு வந்த காலத்தில் தின்றது அரிசிச்சோறு. கப்பலில் வந்த அரிசியைத் தோட்டத்தில் அளந்து கொடுத்துச் சம்பளத்தில் கழித்தார்கள். கோதுமை மா நமது லயத்துக்குள் பெருமளவில் வந்தது இரண்டாம் உலகப் போரில். 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்தது, அங்கிருந்து வந்த அரிசி நின்றது, அரிசிக்குப் பதில் மா பங்கிடப்பட்டது. போர் முடிந்தது, மா போகவில்லை. ரொட்டி தட்டுவது நமது அன்றாட வேலையாகிவிட்டது. காலையில் பிரட்டுக்குப் போகுமுன் ரொட்டியும் சம்பலும், மலைக்குப் போகும்போது துணியில் கட்டிய ரொட்டி, இரவிலும் சில வீடுகளில் ரொட்டி. 1980இல் திருகோணமலையில் பிறிமா மாவாலை வந்தபின் மா இன்னும் எளிதாகக் கிடைத்தது.

ஆனால் பாண் வேறு, ரொட்டி வேறு. ரொட்டி வீட்டில் பிறப்பது. பாண் கடையில் வாங்குவது, காசு கொடுத்து வாங்குவது. சம்பளத்தன்று டவுனுக்குப் போய் வருபவர் கையில் ஒரு இறாத்தல் பாணும் நாலு பணிசும் இருந்தால் அன்று லயத்தில் விசேஷம். அந்தப் பாண் மறுநாள் காலை வரை தாங்காது. ஆகவே லயத்தில் “மிச்சப் பாண்” என்ற ஒன்று அபூர்வம். மிச்சப் பாண் இருந்த இடம் வேறு: பங்களா, கிளாக்கர் வீடு, கன்னியர் மடம், விடுதி. பாண் புடிங்கும் அங்கேதான் இருந்தது.

பங்களாவில் புடிங் செய்தவர் துரைசாணி அல்ல, அப்பு. விறகில் எரியும் இரும்பு அடுப்பின் சூட்டைக் கையை நீட்டிப் பார்த்தே அளந்தவர் அவர். முதலில் துரைசாணி புத்தகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார், பிறகு புத்தகமும் வேண்டாம் துரைசாணியும் வேண்டாம் என்ற நிலைக்கு அப்பு வந்திருப்பார். ஆங்கிலேயரிடம் இது பழைய பண்டம். 1747இல் இலண்டனில் வெளிவந்த ஹன்னா கிளாஸின் சமையல் நூலிலேயே பாண் புடிங் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளில் இருக்கிறது. நமது நாட்டில் 1929இல் கொழும்பில் வெளிவந்த டெய்லி நியூஸ் சமையல் புத்தகம், ஹில்டா டொய்ட்ரம் தொகுத்தது, ஆங்கிலம் வாசித்த வீடுகளில் பைபிளுக்குப் பக்கத்தில் இருந்த புத்தகம். அந்த அலுமாரிகளிலிருந்து மனைப்பொருளியல் வகுப்புக்கும், வகுப்பிலிருந்து நமது கொப்பிகளுக்கும் புடிங் வந்து சேர்ந்தது. நம்மில் பலரிடம் அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறது, பக்கத்தில் மாஜரின் கறையோடு.

பழைய ரொட்டியை வீணாக்காமல் இனிப்பாக்கும் வித்தை ஆங்கிலேயருக்கு மட்டும் சொந்தமானது அல்ல என்பதையும் சொல்லவேண்டும். பிரெஞ்சுக்காரர் பாலும் முட்டையும் தோய்த்துப் பொரிக்கும் பாணுக்கு “தொலைந்த பாண்” என்ற பொருள்படப் பெயர் வைத்தார்கள். அதையே நாம் பம்பாய் டோஸ்ட் என்கிறோம், பம்பாய்க்கு என்ன தொடர்போ. ஹைதராபாத்தில் டபுள் கா மீட்டா இல்லாமல் பெரிய முஸ்லிம் கல்யாணம் இல்லை. பாணை அவர்கள் டபுள் ரொட்டி என்பார்கள், அதை நெய்யில் பொரித்துப் பாலும் சீனிப்பாகும் ஊற்றுவார்கள். எகிப்தில் உம் அலி. மெக்சிக்கோவில் கிறிஸ்தவர்களின் தவக்காலத்துக்கு ஒன்று. இவற்றில் பல இன்று விருந்து மேசையில்தான் இருக்கின்றன. “விழாவுக்குப் பழைய பாணா?” என்று கேட்ட தோழிக்கு இது போதும் என்று நினைக்கிறோம்.

அக்காவின் கேள்விக்கு இது போதாது.

1973ஆம், 1974ஆம் ஆண்டுகளை இங்கே இருக்கும் பாதிப்பேருக்கு நினைவிருக்கும். உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் தானிய விலையும் ஏறின. இங்கே அரிசிப் பங்கீடும் மாப் பங்கீடும் வெட்டப்பட்டன. கிராமத்தில் இருந்தவருக்கு ஒரு துண்டு நிலம், ஒரு பலா, நாலு மரவள்ளி இருந்தது. தோட்டத்தில் தேயிலைதான் இருந்தது. லயத்துக் கோடியில் கையளவு நிலத்தில் எதை நட முடியும்? விடியுமுன் பாணுக்கு வரிசையில் நின்று, முறை வரும்போது பாண் முடிந்துபோன கதையை நமது அம்மாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1974இல் தோட்டங்களில் இறப்பு வீதம் சட்டென்று ஏறியது, நாட்டின் மற்றப் பகுதிகளைவிட மிக அதிகமாக. பட்டினியால் என்று யாரும் சான்றிதழில் எழுதவில்லை. நமது வகுப்புகளில் அந்த இரண்டு வருடம் காலியாக இருந்த வாங்குகளை நினைத்துப் பாருங்கள். சில பிள்ளைகள் இந்தியா போனார்கள். சிலர் வேலைக்குப் போனார்கள். எல்லோரும் அப்படிப் போனவர்கள் அல்ல.

அந்தக் காலத்தில் பங்களாவிலிருந்து கடதாசியில் சுற்றி வந்த பாணுக்கு என்ன பெயர் வைப்பது? அது சம்பளம் அல்ல, தர்மம் என்றும் யாரும் சொல்லவில்லை. வாங்கிய கை ஒன்றும் சொல்ல முடியாது, கொடுத்த கை ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அக்கா மறக்காதது பாணின் ருசியை அல்ல, அந்தக் கடதாசியை. இதை நாங்கள் ஏழு பேரும் பல நாள் பேசினோம். எங்களில் இருவர் வீட்டிலும் அந்தக் கடதாசி இருந்திருக்கிறது.

எங்கள் முதல் திட்டம் என்னவென்றால், டவுன் பேக்கரிகளில் இரவு விற்காமல் மிஞ்சும் பாணைக் கேட்டு வாங்கிவந்து செய்வது. செலவு குறையும், அவர்களும் சந்தோஷமாகத் தருவார்கள். அந்தத் திட்டத்தை இப்போது கைவிட்டுவிட்டோம். பாணை நாமே காசு கொடுத்து, புதுப் பாணாக, போறணைச் சூட்டோடு வாங்குவோம். நமது சமையலறையில் நாமே இரண்டு நாள் வைத்துப் பழசாக்குவோம். யாருடைய மேசையிலும் மிஞ்சியதாக அது இருக்காது. அக்காவிடம் இதைப் போய்ச் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “கறுவா போடுவீர்களா?” என்று கேட்டார். போடுவோம் அக்கா.

இனிக் குறிப்புக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து மலரை வாசிக்கப்போகும் தங்கைமாருக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறோம்.

பாண் ஏன் பழசாகவேண்டும்? பழசாவது என்றால் காய்வது என்று நாம் நினைக்கிறோம். ஈரம் போகாமல் மூடிவைத்தாலும் பாண் கல்லாகும். மாவிலுள்ள மாச்சத்து சுடும்போது நீரை உறிஞ்சி இளகுகிறது. ஆறியபின் மெல்ல மெல்லத் திரும்பவும் இறுகி ஒழுங்காக அடுக்கிக்கொள்கிறது. அதனால்தான் பழைய பாணை நெருப்பில் வாட்டினால் கொஞ்ச நேரம் திரும்ப மெதுவாகிறது. இந்த இறுக்கம் குளிரில் வேகமாக நடக்கும். உறைநிலைக்குச் சற்று மேலே, குளிர்சாதனப் பெட்டியின் சூட்டில், மிக வேகம். தலவாக்கலைப் பாண் கொழும்புப் பாணைவிட முந்திக் கல்லாவதற்குக் காரணம் நமது பேக்கரிக்காரர் அல்ல, நமது இரவுதான். பாணைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர்கள் அதை வேகமாகப் பழசாக்குகிறார்கள். புடிங்குக்கு அது நல்லது. காலைச் சாப்பாட்டுக்கு வேண்டுமென்றால் வெளியே வையுங்கள், அல்லது உறையவையுங்கள்.

இறுகிய பாண் பாலை நிறையக் குடிக்கும், குடித்தும் உருக்குலையாது. புதுப் பாண் பாலில் விழுந்தவுடன் கூழாகும். புடிங் களியாக வந்தது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அன்றைய பாணில் செய்தவர்கள்.

பழைய பாண் வேறு, கெட்ட பாண் வேறு. ஆனி ஆடி மழையில் நமது வீட்டுச் சுவரிலேயே பூஞ்சணம் பிடிக்கிறது, பாணில் பிடிக்காதா? பச்சையாகவோ கறுப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தை எடுப்பது நமது பழக்கம். அதைச் செய்யவேண்டாம். பாண் துளைநிறைந்தது, கண்ணுக்குத் தெரியும் புள்ளிக்கு அப்பாலும் பூஞ்சணத்தின் இழை போயிருக்கும். முழுவதையும் எறியுங்கள். தாழ்நாட்டுச் சூட்டில் வேறொன்றும் நடக்கும்: பாணைப் பிய்த்தால் நடுவே நூல்போல இழுபடும், கனிந்து அழுகும் பழத்தின் மணம் வரும். அதுவும் எறியவேண்டியதுதான். அவித்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அந்தக் கிருமியின் வித்து போறணைச் சூட்டையே தாங்கி வந்தது.

அளவு இது. அரை இறாத்தல் பாண், அதாவது நமது 450 கிராம் பாணில் பாதி. பால் அரை லீற்றர். முட்டை 3. சீனி 100 கிராம். பட்டர் அல்லது மாஜரின் 40 கிராம். கறுவாப்பட்டை விரல் நீளம், ஏலம் 4, சாதிக்காய் துருவல் ஒரு சிட்டிகை. பிளம்ஸ் ஒரு கைப்பிடி, கஜு வசதிபோல. உப்பு ஒரு சிட்டிகை. சீனியைக் குறைக்கலாம், உப்பை விடவேண்டாம்.

பாலைக் கறுவாவும் ஏலமும் போட்டுச் சூடாக்கி, கொதிக்குமுன் இறக்கி, சீனியும் மாஜரினும் கரையக் கலக்கி ஆறவையுங்கள். கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தபின்தான் அடித்த முட்டை. அவசரப்பட்டுக் கொதிபாலில் ஊற்றினால் முட்டைப் பொரியல் கிடைக்கும். வடித்து எடுங்கள். பாணைச் சதுரமாக வெட்டி, பால் கலவையை ஊற்றி அரைமணி நேரம் ஊறவிடுங்கள். கருகிய மேற்தோல் தாமதமாகத்தான் ஊறும், அதைச் சிறிதாகப் பிய்த்து அடியில் போடுங்கள். சிலர் மேற்தோலை வெட்டி எறிகிறார்கள். சுவை இருப்பதே அதில்.

தகரத்தின் அடியில் மூன்று மேசைக்கரண்டி சீனியைக் கருக்கி ஊற்றினால் அழகு. தேத்தண்ணி நிறம் வந்ததும் இறக்கவேண்டும், அதற்குமேல் கசக்கும். நல்ல கொழுந்துச் சாயத்தின் நிறம் என்றால் உங்களுக்குத் தெரியும்.

இப்போது அவிப்பது. நமது லயங்களில் போறணை இல்லை, ஆனால் இட்லிச் சட்டி எல்லா வீட்டிலும் உண்டு. சட்டியில் தண்ணீர், உள்ளே ஒரு தாங்கி, அதன்மேல் தகரம். தகரத்தின் வாயை எண்ணெய்த்தாளால் மூடி நூலால் கட்டுங்கள், மூடியிலிருந்து வடியும் தண்ணீர் புடிங்கில் விழக்கூடாது. தண்ணீர் சலசலக்கவேண்டும், குதிக்கக்கூடாது. முட்டையும் பாலும் 80 பாகைக்குச் சற்றுமேலே இறுகும். அதையும் தாண்டி வெகுநேரம் சூடேறினால் முட்டை தண்ணீரைக் கக்கிவிடும், புடிங் ஓட்டை ஓட்டையாக வரும். இதில் மலைநாட்டுக்காரர்களான நமக்கு ஒரு சின்னச் சலுகை உண்டு. நமது டவுன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 96 பாகையளவிலேயே கொதித்துவிடுகிறது. அதனால் கொழும்பில் 40 நிமிடத்தில் அவிவது இங்கே 45, 50 நிமிடம் ஆகும், ஆனால் கெட்டுப்போகும் அபாயம் சற்றுக் குறைவு. பருப்பு அவியாது என்று இந்த உயரத்தைத் திட்டியவர்கள் புடிங்குக்காக மன்னிக்கலாம். ஈர்க்கு ஒன்றை நடுவில் குத்திப் பாருங்கள். ஈரமாக வரலாம், பால் வடியக்கூடாது.

அடுப்பு எதுவானாலும் சரி. 2022இல் கேஸ் இல்லை, பால்மா இல்லை, முட்டைக்கும் பாணுக்கும் வாரத்துக்கொரு விலை. அந்த வருடம் எங்களில் பலர் மிலாறு அடுப்புக்குத் திரும்பினோம். மிலாற்றுத் தணலில், சட்டியை ஓரமாகத் தள்ளிவைத்து அவித்த புடிங்தான் எங்கள் ஏழு பேரும் இதுவரை செய்தவற்றில் நன்றாக வந்தது என்பது எங்கள் ஏகமனதான முடிவு. பால்மாவுக்குப் பதிலாகத் தோட்டத்து மாட்டுப்பாலை வாங்கினோம். விலை ஏறியது நல்லது என்று சொல்லவில்லை. மாட்டுப்பால் நல்லது என்று சொல்கிறோம்.

முட்டை தின்னாதவர்களுக்கு, வெள்ளிக்கிழமை விரதக்காரருக்கு: அரை லீற்றர் பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி கஸ்டட் தூள், சீனிக்குப் பதில் அரை டின் டின்பால். இதை முதலில் அடுப்பில் வைத்துக் கொதித்துத் தடிக்கும்வரை கிண்டிவிட்டுத்தான் பாணில் ஊற்றவேண்டும், மாவு கொதித்தால்தான் இறுகும். விழாவில் இதற்குத் தனித் தகரம், தனிக் கரண்டி, தனி மேசை. கேட்கவே தேவையில்லை.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் தங்கைமார் செய்யும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும். உங்கள் ஊர்த் துண்டுபோட்ட பாணில் எண்ணெயும் மெதுவாக வைத்திருக்கும் பொருட்களும் சேர்க்கிறார்கள், ஒரு வாரம் ஆனாலும் அது பஞ்சுபோலக் கிடக்கும். நமது பாணில் மா, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, அதற்குமேல் பெரிதாக எதுவும் இல்லை. ஆகவே உங்கள் துண்டுகளைத் தட்டில் பரப்பி 110 பாகைப் போறணையில் 20 நிமிடம் காயவையுங்கள், பாலையும் ஒரு கால் கோப்பை குறையுங்கள். போறணையில் புடிங்கைச் சுடுவதானால் ஆழமான தட்டில் சுடுதண்ணீர் ஊற்றி அதற்குள் பாத்திரத்தை இறக்கி, 160 பாகையில் 45 நிமிடம். கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருப்பவர்களுக்கு நமது உயரமும் குளிரும் உண்டு. இனிப்பில்லாத பிரெட் என்று கேட்டு வாங்குங்கள், அங்கே பல கடைகளில் சீனி போட்டுச் சுடுகிறார்கள்.

பாண் மிஞ்சினால் எல்லாவற்றையும் புடிங்காக்கவேண்டும் என்பதும் இல்லை. காயவைத்து இடித்தால் கட்லட்டுக்கும் ரோல்சுக்கும் தூள். தேத்தண்ணியில் தோய்த்தால் அது தனிச் சுகம். சூன் பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டதும் தேவைக்கு அதிகமாக வாங்கிவிடும் வீடுகளில் எங்கள் வீடுகளும் உண்டு. பீத்தோவனுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாரோ.

கடைசியாகக் கணக்கு. விழாவுக்கு 300 பேர் என்று செயலாளர் சொல்கிறார். ஒரு தகரத்தில் 12 துண்டு. 25 தகரம் வேண்டும். பாண் 13 இறாத்தல், பால் பன்னிரண்டரை லீற்றர், முட்டை 75, மாஜரின் 1 கிலோ. சீனி இரண்டரைக் கிலோ, கருக்குவதற்கு இன்னும் ஒன்றரைக் கிலோ. பால் தட்டினால் 400 கிராம் பால்மா பக்கெட் 4 எடுத்து வைத்திருக்கிறோம். கேக்குக்கு ஒதுக்கிய பணத்தில் இது போக மிஞ்சுவதைத் தோட்டங்களிலிருந்து வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் பிரேரணையின் இரண்டாம் பகுதி. இன்றைக்கும் அப்படி வருகிறார்கள். அதிபர் அம்மையாரிடம் கேட்டுப் பாருங்கள். அந்தச் சாப்பாட்டைக் கடதாசியில் சுற்றிக் கையில் கொடுப்பதாக இருந்தால் எங்கள் குழு இதில் சேராது. மண்டபத்தில் வாங்கில் உட்காரவைத்து, தட்டில் போட்டு, எல்லாப் பிள்ளைகளோடும் சேர்த்துப் பரிமாறவேண்டும். பரிமாற வாரத்துக்கு இரண்டு பேர் வருவோம் என்று நாங்கள் எழுதிக் கையொப்பம் வைத்திருக்கிறோம். கீழே இன்னும் இடம் இருக்கிறது.

விழா சனிக்கிழமை. பாண் வியாழன் காலையில் நமது கைக்கு வந்தால்தான் இரண்டு இரவு குளிரில் இருக்கும். பேக்கரியில் புதன்கிழமைக்குள் சொல்லிவைக்க வேண்டும். ஆகவே வாக்கெடுப்பை இன்றே வைத்துவிடும்படி தலைவி அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். தகரம் இருப்பவர்கள் பெயர் எழுதி ஒட்டிக் கொண்டுவாருங்கள், சென்ற வருடத்து மூன்று தகரங்களுக்கு இன்னும் சொந்தக்காரர் வரவில்லை.